பெயர்களைக் கேட்டவர்களும் பாடல்களைக் கேட்டவர்களும்: ‘ஏஷியா’ முதல் ஆல்பத்தின் வரவேற்பு குறித்து

1982 மார்ச்சில் வெளியான ‘ஏஷியா’ என்ற ஆல்பம், அதே பெயர் கொண்ட பிரித்தானிய ராக் இசைக்குழுவின் முதல் படைப்பாகும். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் அது மொத்தம் 9 வாரங்கள் முதலிடத்தில் இருந்ததோடு, அந்த ஆண்டின் இறுதிக் கணக்கிலும் ஆல்பங்களின் வரிசையில் முதலாவதாக நின்றது. ஆனால் அதை உருவாக்கிய நால்வரையும் அதற்கு முந்தைய பத்தாண்டுகளாக நேசித்து, அவர்களுடைய பழைய இசைத்தட்டுகளை மனப்பாடமாக அறிந்திருந்த ரசிகர்களில் கணிசமானோர், இந்த வெற்றியைத் தங்கள் நம்பிக்கைக்கு நேர்ந்த இழப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆல்பத்தை ஒரு சாரார் அந்த ஆண்டின் இன்பமாகவும் மற்றொரு சாரார் ஒரு மரபின் முடிவாகவும் கேட்டது எப்படி என்பதை, அக்கருத்துகள் பிறந்த சூழலோடு சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இரு சாராருமே பெரும்பாலும் ஆல்பத்தைச் சுற்றியிருந்தவற்றைத்தான் மதிப்பிட்டார்கள் என்பதும், ஒன்பது பாடல்களுக்குள் நடந்திருக்கும் வேலை இன்றுவரை போதிய கவனம் பெறவில்லை என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இந்த நால்வரும் வந்த மரபு புரோகிரஸிவ் ராக் எனப்படுவது. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற இந்தக் கிளை, ஐரோப்பியச் செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் அமைப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, சரணமும் பல்லவியும் மாறி மாறி வரும் மூன்று நிமிடப் பாடல் என்ற வரம்பை உடைத்தது. யெஸ் குழுவின் 1972ஆம் ஆண்டு ஆல்பமான ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ மூன்றே பாடல்களைக் கொண்டது; அதன் தலைப்புப் பாடல் ஏறத்தாழ 19 நிமிடம் ஓடி இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பியது. எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் ‘டார்கஸ்’ 1971இல் அதே அளவு நீளத்தில் வந்தது. வாய்ப்பாட்டுக்கு இணையாக வாத்தியங்களுக்கு இடம், வழக்கமான நான்கு எண்ணிக்கையை விட்டு விலகும் தாளங்கள், ஒரே பாடலுக்குள் பல பகுதிகள் ஆகியவை இதன் அடையாளங்களாயின. இப்படிப்பட்ட இசையை ஊன்றிக் கேட்டுப் பழகியவருக்கு நீளம் என்பது ஒரு மதிப்பின் அடையாளமாகவே ஆகிவிடுகிறது. தம் பொறுமையையும் நினைவாற்றலையும் கலைஞர் நம்புகிறார் என்று அவர் உணர்கிறார். ஏஷியா மீது பின்னால் எழுந்த மனத்தாங்கலின் வேர் இந்த உணர்வில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே வேறு குழுக்களில் பெயர் பெற்ற கலைஞர்கள் ஒன்றுகூடித் தொடங்கும் குழுவுக்கு சூப்பர் குரூப் என்று பெயர். 1966இல் உருவான க்ரீம், 1969இல் உருவான பிளைண்ட் ஃபெய்த் ஆகியவை இதற்கு முன்னோடிகள். சாதாரணக் குழு ஒன்றின் முதல் ஆல்பம் யாருக்கும் தெரியாத இடத்திலிருந்து வருகிறது. கேட்பவர் அதில் இருப்பதை மட்டுமே கேட்க முடியும். சூப்பர் குரூப்பின் முதல் ஆல்பமோ வெளிவருமுன்பே கேட்பவரின் மனத்தில் ஒருமுறை ஒலித்துவிடுகிறது. இன்ன கிதார் கலைஞரும் இன்ன டிரம்ஸ் கலைஞரும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று அவர் கற்பனை செய்து வைத்திருக்கும் ஓர் ஆல்பத்தோடுதான் உண்மையான ஆல்பம் போட்டியிட வேண்டியிருக்கிறது. போட்டியில் கற்பனை ஆல்பம் தோற்பது அரிது.

புரோகிரஸிவ் ராக்கில் இந்தப் போட்டியின் முதல் பெரிய சந்தர்ப்பம் 1970. நைஸ் குழுவிலிருந்து கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன், கிங் கிரிம்ஸனிலிருந்து பாடகரும் பாஸ் கிதார் கலைஞருமான கிரெக் லேக், அட்டாமிக் ரூஸ்டரிலிருந்து டிரம்ஸ் கலைஞர் கார்ல் பால்மர் என மூவர் சேர்ந்த அந்தக் குழு, அவ்வாண்டு ஆகஸ்ட் 29 அன்று ஐல் ஆஃப் வைட் விழாவில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தது. அந்நிகழ்ச்சி திறமையும் மின்சாரமும் வீணான காரியம் என்று வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் கருதியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வெளியான முதல் ஆல்பத்தை வாங்கிய ரசிகர்கள் அப்படி நினைக்கவில்லை. பிரித்தானியப் பட்டியலில் அது 4ஆம் இடம் வரை ஏறியது. பார்ட்டோக்கின் பியானோ படைப்பு ஒன்றை முரட்டு ஒலியில் மறுவார்ப்புச் செய்த ‘தி பார்பேரியன்’ போன்றவை எதிர்பார்ப்பை நிறைவேற்றின. என்றாலும் வானொலி வழியே பரந்த கூட்டத்தைச் சென்றடைந்தது, கிரெக் லேக் தம் 12 வயதில் எழுதியதாகச் சொன்ன ‘லக்கி மேன்’ என்ற எளிய கதைப்பாடலும், அதன் முடிவில் எமர்சன் அப்போது புதிதாயிருந்த மூக் சின்தசைசரில் வாசித்த தனி ஆவர்த்தனமும்தான். மரபின் பொற்காலத்திலேயே, பரந்த கூட்டம் தேடிப் பிடித்தது எளிய பாடலைத்தான் என்பதை ஏஷியாவைப் பேசும்போது மறக்கக் கூடாது.

இரண்டாவது சந்தர்ப்பம் 1978. யூ.கே. என்ற பெயரில் பாடகரும் பாஸ் கிதார் கலைஞருமான ஜான் வெட்டன், பில் புரூஃபர்ட், எடி ஜாப்சன், ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட முதல் ஆல்பம், ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் தொடங்குகிறது. மிஸ்ர சாப்பு பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும், ராக் கேட்கும் சராசரிக் காதுக்கோ ஒரு அடி தவறியதுபோல் தோன்றும். புரோகிரஸிவ் ராக் ரசிகர்களிடம் இந்த ஆல்பத்துக்கு இன்றுவரை பெருமதிப்பு உண்டு. ஆனால் பங்க் அலை எழுந்து, நீண்ட பாடல்களே கேலிக்குரியவை என்று இங்கிலாந்தின் இசை இதழ்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. குழுவுக்குள்ளும் பாடலுக்கு முதலிடமா வாத்திய வாசிப்புக்கு முதலிடமா என்ற இழுபறி இருந்தது. அந்த ஒரே ஆல்பத்தோடு புரூஃபர்டும் ஹோல்ட்ஸ்வொர்த்தும் வெளியேறினார்கள். பாடல் பக்கம் நின்ற வெட்டன், 3 ஆண்டுகள் கழித்து அந்த விருப்பத்தை ஏஷியாவுக்குள் கொண்டுவந்தார். யூ.கே.யில் ரசிகர்கள் நேசித்தது, வெட்டன் விட்டுவிட்டு நடக்க விரும்பியதைத்தான்.

1981இல் நிலைமை இப்படியிருந்தது: எமர்சன், லேக் அண்ட் பால்மர் கலைந்துவிட்டது, ‘டிராமா’ ஆல்பத்துக்கும் அதையொட்டிய சுற்றுப்பயணத்துக்கும் பிறகு யெஸ் குழுவும் கலைந்து, அதன் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவ்வும், பகிள்ஸ் குழுவிலிருந்து அதில் சேர்ந்திருந்த கீபோர்டு கலைஞர் ஜெஃப் டவுன்ஸும் தனித்து நின்றார்கள். இவர்களோடு வெட்டனையும் பால்மரையும் சேர்த்த ஏஷியா, டேவிட் கெஃபன் 1980இல் தொடங்கிய கெஃபன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் ஒப்பந்தமானது. கலைஞர்களைத் தேர்ந்து அவர்களுடைய ஆல்பங்களின் போக்கைக் கவனிக்கும் பொறுப்பில் அங்கிருந்தவர் ஜான் கலோட்னர்; அதற்கு முன் அட்லாண்டிக் நிறுவனத்தில் ஃபாரினர் குழுவோடு பணியாற்றியவர். லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் நடந்த ஒலிப்பதிவைத் தயாரித்தவர் மைக் ஸ்டோன். குயின் குழுவின் புகழ்பெற்ற ஆல்பங்களில் ஒலிப்பொறியாளராக இருந்த அவர், ஜர்னி குழு 1981இல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குச் சென்ற ‘எஸ்கேப்’ ஆல்பத்தின் இணைத் தயாரிப்பாளருமாவார். குரல்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்து பல்லவியைப் பெரிதாக்கும் முறை அவர் கையோடு வந்தது. ஆக, பெயர்கள் 1972ஐச் சேர்ந்தவை. ஸ்டூடியோ முடிவுகளோ 1981ஐச் சேர்ந்தவை.

ஆல்பத்தின் உறையும் இந்த இரட்டைத்தன்மையைக் கூட்டியது. 1971 முதல் யெஸ் ஆல்பங்களுக்கு வேற்றுலக நிலக்காட்சிகளை வரைந்து தந்த ரோஜர் டீன்தான் இதற்கும் ஓவியர். கடலிலிருந்து எழுந்து ஒளிரும் கோளத்தை நோக்கி வளையும் பெரும்பாம்பின் அந்தப் படத்தைக் கடையில் பார்த்த பழைய ரசிகர், உள்ளே இருபது நிமிடக் காவியம் இருப்பதாக நம்பியதில் வியப்பில்லை. தட்டை வைத்ததும் அவர் கேட்டது 3 நிமிடம் 50 வினாடி ஓடும் ‘ஹீட் ஆஃப் த மொமென்ட்’. காதலியிடம் மன்னிப்புக் கேட்கும் பாடல். மீதமிருந்த எட்டில் எதுவும் ஆறு நிமிடத்தை எட்டவில்லை.

இந்த ஆல்பத்தை வாங்கியவர்கள் யார் என்பதை அறிய அன்றைய அமெரிக்க வானொலியைப் பார்க்க வேண்டும். ஆல்பம் சார்ந்த ராக் என்ற வகையில் இயங்கிய எஃப்.எம். நிலையங்கள், ஒற்றைப் பாடல்களாக வெளியானவற்றை மட்டுமன்றி ஆல்பத்தின் பிற பாடல்களையும் ஒலிபரப்பின. 1981 முதல் பில்போர்டு அந்த ஒலிபரப்பைத் தனிப்பட்டியலாகவே வெளியிட்டுவந்தது. ‘ஹீட் ஆஃப் த மொமென்ட்’ அதில் முதலிடம் பெற்றது; பொதுவான ஒற்றைப் பாடல் பட்டியலில் 4ஆம் இடம் வரை சென்றது. ‘ஒன்லி டைம் வில் டெல்’ 17ஆம் இடத்தைத் தொட்டது. 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்.டிவி. என்ற இசை அலைவரிசையும், காட்லி, க்ரீம் என்ற இருவர் இயக்கிய இவற்றின் காணொளிகளைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அந்த அலைவரிசை முதன்முதலாக ஒளிபரப்பிய பாடல், டவுன்ஸ் இடம்பெற்ற பகிள்ஸின் ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’. ஆகவே ஏஷியாவின் நால்வரில் ஒருவராவது அந்தப் புதிய ஊடகத்துக்குப் புதியவரல்லர்.

இந்த வழியாக வந்த இளம் கேட்பவருக்கு ‘டார்கஸ்’ என்ற சொல் எதையும் நினைவூட்டவில்லை. அவர் கேட்டது பெரிய பல்லவி, தெளிவான ஒலி, வருத்தமும் உறுதியும் கலந்த ஓர் ஆண்குரல். 1983 கிராமி விருதுகளில் சிறந்த புதிய கலைஞர் பிரிவில் ஏஷியா பரிந்துரைக்கப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். பத்தாண்டுக்கும் மேல் மேடை கண்டவர்களைப் புதியவர்கள் என்று ஒரு விருதுக்குழு கருதியதும், அந்த ஆண்டு ஆல்பத்தை வாங்கியவர்களில் பலருக்கு அவர்கள் உண்மையாகவே புதியவர்களாக இருந்ததும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே ஆல்பம் 11ஆம் இடத்தைத் தாண்டவில்லை. நால்வரின் முன்வரலாறும் நன்கு தெரிந்த நாட்டில் வரவேற்பு மிதமாகவும், அது குறைவாகத் தெரிந்த இளைஞர் கூட்டத்தை வானொலி திரட்டித் தந்த நாட்டில் பெருவெள்ளமாகவும் இருந்தது என்ற உண்மையே, கேட்டவர் எதைக் கொண்டுவந்து கேட்டார் என்பதன் வலுவான சான்று. இதற்குப் பங்க் அலைக்குப் பிந்தைய பிரித்தானிய ரசனை மாற்றமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

விற்பனை எண்ணிக்கை ஒன்றைச் சொல்லும், மற்றொன்றைச் சொல்லாது. ஓர் ஆல்பம் வாங்கப்பட்டதை அது காட்டும். ஐந்தாண்டு கழித்தும் கேட்கப்பட்டதா என்பதைக் காட்டாது. பழைய ரசிகர்களின் குறை இந்த இடத்திலிருந்தே பேசுகிறது. பல திரும்பக் கேட்டல்களில் மெல்லத் திறக்கும் இசையே இவர்களிடமிருந்து தங்களுக்குக் கிடைத்துவந்தது என்றும், இதிலோ முதல் கேட்டலிலேயே எல்லாம் கையில் வந்துவிடுகிறது, பிறகு தேட எதுவுமில்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ‘க்ளோஸ் டு தி எட்ஜி’ல் கிதாரை ஒரு தனிக் கதாபாத்திரமாக்கிய ஹவ் இங்கே பல்லவிகளுக்கிடையே சில நொடிகள் வந்துபோகிறார் என்பதும், கிங் கிரிம்ஸனின் ‘ரெட்’ ஆல்பத்தில் அச்சுறுத்தும் கனத்தோடு ஒலித்த வெட்டனின் பாஸ் கிதார் இங்கே சின்தசைசர்களுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது என்பதும் அவர்களின் குறைகள். பாடல்வரிகள் பிரிவையும் வருத்தத்தையும் வழக்கமான சொற்களில் பேசுகின்றன என்பதும் இதோடு சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது கலைஞர்கள் கண்டடைந்த இசையா நிறுவனம் கேட்டு வாங்கிய இசையா என்ற ஐயம் அவர்களை விட்டு அகலவில்லை.

விமர்சகர்கள் இவர்களுக்குத் துணை நிற்கவில்லை என்பது இந்த வரலாற்றின் துயரமான பகுதி. வில்லேஜ் வாய்ஸ் இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் ஆல்பத்தைக் கடுமையாக ஒதுக்கினார். ஆனால் அவரைப் போன்றவர்களுக்குப் புரோகிரஸிவ் ராக்கின் நீளமும் செவ்வியல் ஆசைகளும் முன்பே பிடித்ததில்லை. ஒருவர் இதில் பழைய மரபு போதவில்லை என்று வருந்த, மற்றவர் அந்த மரபின் மிச்சம் இன்னும் இருக்கிறது என்று வருந்தினார். கண்டனம் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் காரணங்கள் எதிரெதிர் திசையில் நிற்கின்றன. பின்னாளில் இந்த ஆல்பம் எல்லாராலும் மறுக்கப்பட்டது என்று எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமலே இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இனி பாடல்களுக்குள். ‘ஒன்லி டைம் வில் டெல்’ எக்காளம்போல் முழங்கும் கீபோர்டு தொடக்கத்தோடு வருகிறது; அந்தச் சிறு சுரக்கோவை பாடலின் நெடுகிலும் திரும்ப வந்து, சரணத்தையும் பல்லவியையும் இணைக்கும் நூலாகிறது. இருபது நிமிடப் பாடலில் ஒரு கருப்பொருள் பத்து நிமிடம் கழித்து மாறுவேடத்தில் திரும்பி வரும்போது ரசிகர் மகிழும் அதே உத்திதான் இது; இங்கே அது ஐந்து நிமிடத்துக்குள் நடந்துவிடுகிறது. நால்வரும் சேர்ந்து இயற்றியதாகக் குறிக்கப்பட்டுள்ள ஒரே பாடலான ‘டைம் அகெய்ன்’ துள்ளி ஓடும் வேகத் தாளத்தில் அமைந்தது. கிதாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தும் அதன் தொடக்கத்தைக் கேட்டவர், இவர்கள் வாசிக்க மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. போரைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி அமர்ந்திருக்கும் மக்களைப் பற்றிய ‘வைல்டஸ்ட் ட்ரீம்ஸ்’, பால்மரின் டிரம்ஸுக்குத் திறந்தவெளி தருகிறது. படைநடையை நினைவூட்டும் அந்த உருட்டல்கள் பாடலின் பொருளோடு இணைந்தே வருகின்றன. தனித்துக் காட்டப்படும் வித்தையாக அவை நிற்கவில்லை.

‘கட்டிங் இட் ஃபைன்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஆல்பம் பற்றிய சச்சரவு முழுவதும் அந்த ஒரு பாடலில் அடங்கியிருக்கிறது. கிதாரின் தந்தியோசையில் தொடங்கி, வேகமான ராக் பாடலாக மாறி, பல்லவிகள் முடிந்த பிறகு அது நின்றுவிடுவதில்லை. குரல் விலகிக்கொள்ள, டவுன்ஸின் கீபோர்டுகள் நிதானமான, கம்பீரமான ஒரு வாத்தியப் பகுதியை விரித்துச் செல்கின்றன. வானொலிக்கு இந்தப் பகுதி தேவையே இல்லை. வெட்டி எறிந்திருந்தால் ஒற்றைப் பாடலாக வெளியிடத் தகுந்த நீளத்தில் அது நின்றிருக்கும். விடப்பட்டிருப்பதற்குக் காரணம், குழுவில் எவரோ பாடல் முடிந்த பிறகும் இசை தொடர வேண்டும் என்று நினைத்ததுதான். பழைய ரசிகர்களில் ஆல்பத்தை முழுதாக ஒதுக்கியவர்கள்கூட இந்தப் பகுதிக்கு வரும்போது குரல் தணிவதுண்டு. அவர்கள் தேடிய இசை ஆல்பத்தில் இல்லாமலில்லை; இரண்டாம் பக்கத்தில், எட்டாவது பாடலின் பின்பாதியில், சிறு அளவில் இருந்தது. அதைக் கண்டு நிறைவடைவதா, இவ்வளவுதானா என்று நோவதா என்பதுதான் அவர்களுக்குள்ளேயே நிலவிய வேறுபாடு.

இரண்டாம் பக்கத்தின் வரவேற்பில் இன்னொரு போக்கும் தெரிகிறது. வானொலி வழியே வந்தவர்கள் முதல் பக்கத்தின் தொடக்க மூன்று பாடல்களைச் சுற்றியே ஆல்பத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். ‘சோல் சர்வைவ’ரின் கனத்த கிதார் வரிசை அவர்களுக்கு எல்லை. புரோகிரஸிவ் ராக் பக்கமிருந்து வந்தவர்களோ பின்பக்கத்தின் நான்கு பாடல்களை உயர்த்திப் பேசுகிறார்கள். அவற்றில் ‘வித்அவுட் யூ’வும் ‘ஹியர் கம்ஸ் த ஃபீலிங்’கும் வெட்டனும் ஹவ்வும் இணைந்து எழுதியவை, வாத்தியப் பகுதிகளுக்கு இடம் விட்டு ஐந்து நிமிடம் கடந்து செல்பவை. முன்பக்கத்தின் பெரிய பாடல்கள் வெட்டனும் டவுன்ஸும் எழுதியவை. ஒரே ஆல்பத்துக்குள் இரண்டு எழுத்துக் கூட்டணிகள் இருந்தன, அவற்றுக்கு இரண்டு வேறு ரசிகர் கூட்டம் உருவானது என்று சொல்வது மிகையாகாது. 1983இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘ஆல்ஃபா’வில் வெட்டன், டவுன்ஸ் கூட்டணியே ஏறக்குறைய முழுமையாக நிறைந்தது, ஹவ்வின் பங்கு சுருங்கியது, விற்பனையும் முதல் ஆல்பத்தின் உயரத்தை எட்டவில்லை. ஹவ்வின் கை விலகியதால் நேர்ந்த இழப்பைப் பழைய ரசிகர்கள் மட்டுமே உணர்ந்தார்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. விற்பனைச் சரிவைப் பார்த்தால், காரணத்தைப் பெயரிட்டுச் சொல்லத் தெரியாத புதிய கேட்பவர்களும் ஏதோ ஒன்று குறைந்ததை உணர்ந்திருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், குறை கூறியவர்களின் ஒரு வாதம் அசையாமல் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒலிக்கலவை பற்றியது. அதாவது தனித்தனியாகப் பதிவான குரல்களையும் வாத்தியங்களையும் எது முன்னே, எது பின்னே என்று நிலைநிறுத்தி ஒன்றாக்கும் வேலை. இந்த ஆல்பத்தில் வெட்டனின் அடுக்குக் குரல்களும் டவுன்ஸின் சின்தசைசர் படலங்களும் முன்வரிசையில் நிற்கின்றன. ஹவ் பல இடங்களில் இரண்டு மூன்று கிதார் வரிகளைப் பின்னிப் பின்னி வாசித்திருக்கிறார். ‘ஹீட் ஆஃப் த மொமென்ட்’ பாடலின் சரணங்களுக்குப் பின்னே நடப்பதைக் காது கொடுத்துத் தேடினால் மட்டுமே அது கேட்கும். முதல் கேட்டலிலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறது என்ற புகார் இதனால் பிழையாகிறது, ஆனால் கிதார் அமுக்கப்பட்டது என்ற புகார் உறுதியாகிறது. நீளத்தைப் பற்றிய குறையை விட இதுவே கனமானது. நீளத்தைக் குறைத்தது இசையமைப்பாளர்களின் முடிவு, அதற்குக் கலைக் காரணமும் உண்டு; நுட்பமான வாசிப்பைப் பதிவு செய்துவிட்டு அதைத் திரைக்குப் பின்னே நிறுத்தியதற்கு வானொலியின் தேவையைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

காலம் செல்லச் செல்லக் கருத்துகளின் அடித்தளமும் மாறியது. 1983 நவம்பரில் யெஸ் குழுவே புதிய உருவில் ‘90125’ ஆல்பத்தை வெளியிட்டு, 1984 தொடக்கத்தில் ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ மூலம் அமெரிக்காவின் ஒற்றைப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜெனிசிஸ் குழுவும் 1981இன் ‘அபகாப்’ தொட்டுச் சுருக்கமான பாடல்கள் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது. அந்த வரிசையில் நின்று பார்க்கும் பிற்காலக் கேட்பவருக்கு ஏஷியா தனியொரு துரோகமாகத் தெரிவதில்லை. ஒரு தலைமுறை முழுவதும் எடுத்த திருப்பத்தின் முதல் பெரிய வெற்றியாகத் தெரிகிறது. யெஸ்ஸின் திருப்பத்தை மன்னித்த ரசிகர்கள் ஏஷியாவை மன்னிக்கத் தாமதித்ததற்கு, ‘90125’இன் ஒலி கேட்டிராத புதுமையோடு இருந்ததும், ஏஷியாவின் ஒலி ஜர்னிக்கும் ஃபாரினருக்கும் அருகில் இருந்ததும் காரணங்களாகலாம். இந்த வேறுபாட்டில் நியாயம் இருக்கிறது.

‘ஹீட் ஆஃப் த மொமென்ட்’ பிறகு திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நகைச்சுவைக்காக எடுத்தாளப்பட்டது. 2005இன் ‘த 40-இயர்-ஓல்ட் வர்ஜின்’ படமும், ஒரே நாள் திரும்பத் திரும்ப விடியும் கதையில் அதைப் பயன்படுத்திய ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரும் நன்கு அறியப்பட்டவை. இந்த வழியாக ஆல்பத்துக்கு வந்த மூன்றாம் தலைமுறைக் கேட்பவர்கள் பழைய சச்சரவின் எந்தச் சுமையுமின்றி வருகிறார்கள். அவர்களில் ஊன்றிக் கேட்கும் சிலர் இங்கிருந்து பின்னோக்கி நடந்து யூ.கே.யையும், ‘ரெட்’டையும், ‘க்ளோஸ் டு தி எட்ஜை’யும் கண்டடைகிறார்கள். மரபின் முடிவு என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட ஆல்பம் அந்த மரபுக்குள் நுழையும் வாசலாகவும் பயன்படுவது மகிழ்ச்சிக்குரியது.

நேரெதிர்ச் சான்று ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2000இல் டிரான்ஸட்லாண்டிக் என்ற சூப்பர் குரூப் தன் முதல் ஆல்பமான ‘எஸ்.எம்.பி.டி.இ.’யை வெளியிட்டது. ஸ்பாக்ஸ் பியர்ட், டிரீம் தியேட்டர், ஃபிளவர் கிங்ஸ், மரிலியன் ஆகிய குழுக்களைச் சேர்ந்த நால்வரின் அந்த ஆல்பம் ஏறத்தாழ 31 நிமிடம் ஓடும் ‘ஆல் ஆஃப் தி அபவ்’ என்ற பாடலோடு தொடங்குகிறது. புரோகிரஸிவ் ராக் ரசிகர்கள் 1982இல் கேட்டுக் கிடைக்காத அனைத்தும் இதில் கிடைத்தன; அவர்கள் மனமார வரவேற்றார்கள். பரந்த வானொலிக் கூட்டத்துக்கு அப்படியொரு ஆல்பம் வந்ததே தெரியாது. இதைக் கேட்டவர்களுக்குள் எழுந்த விவாதம், பழைய எஜமானர்களின் பாணி அளவுக்கு மீறி எதிரொலிக்கிறதா என்பது பற்றியது. எதிர்பார்ப்பை மீறிய ஆல்பத்துக்கு ஒருவகைக் கண்டனமும், அதை முழுதாக நிறைவேற்றிய ஆல்பத்துக்கு மற்றொரு வகைக் கண்டனமும் கிடைப்பது சூப்பர் குரூப் என்ற வடிவத்தோடு பிறந்த இடர்.

2006இல் ஏஷியாவின் முதல் நால்வரும் மீண்டும் ஒன்றுகூடி மேடையேறியபோது, இந்த ஆல்பத்தின் ஒன்பது பாடல்களையும் வாசித்தார்கள். கூடவே நால்வரும் வந்த குழுக்களுக்கு ஒன்று வீதம், யெஸ்ஸின் ‘ரவுண்டபவுட்’, எமர்சன், லேக் அண்ட் பால்மரின் ‘ஃபேன்ஃபேர் ஃபார் த காமன் மேன்’, கிங் கிரிம்ஸனின் ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்’, பகிள்ஸின் ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். டோக்கியோவில் நடந்த அத்தகைய நிகழ்ச்சி ஒன்று 2007இல் ‘ஃபேன்டேசியா’ என்ற நேரடி ஆல்பமாகவும் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தனித்தனி அறைகளில் கேட்கப்பட்டுவந்த இரண்டு வகை இசையும் ஒரே மாலையில், ஒரே கைகளால் வாசிக்கப்பட்டன. கூட்டத்தில் இரு சாராரும் இருந்தார்கள். ஸ்டூடியோவின் அடுக்குக் குரல்களும் கூடுதல் பதிவுகளும் இல்லாமல் நான்கு பேர் மட்டும் வாசிக்கும்போது ‘டைம் அகெய்’னிலும் ‘கட்டிங் இட் ஃபை’னிலும் ஹவ்வின் கிதார் முன்னுக்கு வருகிறது, பால்மரின் கை தெளிவாகக் கேட்கிறது, அவை ‘ரவுண்டபவுட்’டுக்கு அருகில் நாணமின்றி நிற்கின்றன. 1982ஆம் ஆண்டுத் தட்டையும் இந்த நேரடிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாடல்களின் கட்டமைப்பு பற்றிப் பழைய ரசிகர்கள் வைத்த குற்றச்சாட்டு வலுவிழக்கிறது. ஒலிக்கலவை பற்றி அவர்கள் வைத்த குற்றச்சாட்டுக்கோ, குழுவே தன் மேடையில் சான்று தந்துவிட்டது.